ஐயத்தையும் அறிந்து எழுதுவோம்

அறிந்ததைச் சொல்ல மட்டும் மொழி ஏற்பட்டதென்றால் அகராதியில் பாதிச் சொற்கள் வேண்டியிரா. பாதி அறிந்ததையும், ஊகித்ததையும், அஞ்சுவதையும், எதிர்பார்ப்பதையும் அதனதன் அளவு குன்றாமல் கூறவும் மொழி வேண்டியிருக்கிறது. ஆனால் ஆங்கிலக் கட்டுரை எழுத அமரும் நம் மாணவியருள் பெரும்பாலோர் இதை மறந்துவிடுகின்றனர். நாளை நடக்கப் போவதும், நடக்கக் கூடியதும், நடக்க வேண்டியதும், நடந்தால் நல்லதும் ஆகிய எல்லாமே ‘வில்’ என்ற ஒரே துணைவினைக்குள் அடைபட்டுப் போகின்றன. ‘மே’, ‘மைட்’, ‘குட்’, ‘மஸ்ட்’ என்ற சொற்களெல்லாம் இலக்கண வினாத்தாளில் கோடிட்ட இடத்தை நிரப்புவதற்கென்றே பிறந்தவை போல் ஒதுங்கி நிற்கின்றன. இது மதிப்பெண்ணைப் பற்றிய சிறு குறையன்று. உண்மையைப் பற்றிய பெருங்குறை என்பது என் கருத்து. அதை நம் மரக்காணம் கடற்கரையை வைத்தே விளக்க விரும்புகிறேன்.

சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே கிழக்குக் கடற்கரைச் சாலையில் செல்வோர் மரக்காணத்தை உப்புக் குவியல்களைக் கொண்டே அடையாளம் காண்பர். அந்தக் குவியலுக்குப் பின்னால் இருவகைச் செய்திகள் உள்ளன. கடல்நீரின் அடர்த்தி போமே அளவையில் ஏறக்குறைய 3 டிகிரி. நீர் பாத்திக்குப் பாத்தி மாறி, வெயிலிலும் காற்றிலும் வற்றி, ஏறக்குறைய 25 டிகிரியை எட்டும்போது சமையல் உப்பு படியத் தொடங்குகிறது. இது இயற்கையின் விதி. இங்கே ‘வில்’ என்று துணிந்து எழுதலாம். ‘உப்பு படியும்’ என்று தமிழிலும் துணிந்து கூறலாம். ஆனால் அதே பாத்தியின் மேல் நாளைக்கு மழை விழுமா? இதற்கு எந்த அளவைக் கருவியும் உறுதியான விடை தராது. இங்கே நமக்கு வேண்டியவை ‘மே’யும் ‘மைட்’டும் ‘லைக்லி’யும். ஒரே பாத்தியைப் பற்றிய இரு வாக்கியங்களுக்கு இரு வெவ்வேறு துணைவினைகள் வேண்டும். இதை உணர்ந்தவளே ஆங்கிலம் எழுதக் கற்றவள்.

வானிலை அறிக்கையைச் சற்றுக் கவனியுங்கள். 1875ஆம் ஆண்டு நிறுவப்பட்ட இந்திய வானிலை ஆய்வுத் துறை, தன் ஆங்கில முன்னறிவிப்புகளில் ஐயத்தை அளந்து கூறுகிறது. நிகழும் வாய்ப்பு 25 விழுக்காட்டிற்குக் குறைவானால் ‘அன்லைக்லி’. 25 முதல் 50 விழுக்காடு வரை ‘லைக்லி’. 50 முதல் 75 வரை ‘வெரி லைக்லி’. 75க்கு மேல் ‘மோஸ்ட் லைக்லி’. ‘ஓரிரு இடங்களில்’ என்ற சொற்றொடரைக் கேட்டு நகைப்பவர் உண்டு. அதற்கும் அளவு இருக்கிறது. ஒரு வட்டாரத்தின் மழைமானி நிலையங்களில் நாலில் ஒரு பங்குக்கு மேற்படாத இடங்களில் மழை எதிர்பார்க்கப்படுகிறது என்பதே அதன் பொருள்.

இனி, வீட்டில் நடப்பதை எண்ணிப் பாருங்கள். ஆங்கில அறிக்கையோ கைபேசியில் வரும் செய்தியோ எதுவானாலும், படித்துச் சொல்லும் பொறுப்பு பெரும்பாலும் பள்ளிக்குச் செல்லும் பெண்ணுக்கே வந்து சேருகிறது. ‘லைக்லி’ என்றிருப்பதை அவள் ‘நாளைக்கு மழை வருமாம்’ என்று சொல்லிவிடுகிறாள். அப்பா பாத்தி வேலையை நிறுத்துகிறார். அன்றையக் கூலி போகிறது. மறுநாள் வெயில் கொளுத்துகிறது. ‘இவர்கள் எப்போதும் இப்படித்தான்’ என்று அறிக்கையின் மேல் பழி விழுகிறது. அடுத்த முறை மெய்யாகவே புயல் வரும்போது அந்த அறிக்கையை யாரும் செவிமடுப்பதில்லை. அறிக்கை எழுதியவர் பொய் சொல்லவில்லை. அவர் கணக்குப்படி, அத்தகைய நான்கு நாட்களில் ஒரு நாளோ இரண்டு நாளோ மழை பெய்தாலே அவர் சொல் பலித்ததாகும். பிழை நேர்ந்தது நடுவில், ‘பெய்யக்கூடும்’ என்பது ‘பெய்யும்’ ஆன இடத்தில்.

‘உறுதியில்லாத செய்தி எதற்கு உதவும்?’ என்று சிலர் கேட்கலாம். மிகவும் உதவும். குவித்து வைத்த உப்பின் மேல் கீற்றோ தார்ப்பாயோ போட்டு மூடுவதற்கு ஆகும் செலவு சிறிது. மூடாமல் விட்டு மழையில் கரைந்தால் இழப்பு பெரிது. ஆகவே நாலில் ஒரு பங்கு வாய்ப்பு இருந்தாலும் மூடிவிடுவதே அறிவுடைமை. ஆனால் இன்னும் முதிராத பாத்தியின் வேலையை அப்படியே கைவிடுவதென்றால், அதற்கு நாலில் ஒரு பங்கு போதாது; இன்னும் வலுவான சொல் வேண்டும். எந்த அளவு ஐயத்திற்கு என்ன செய்வது என்பதைத் தொழில் செய்பவரே முடிவு செய்துகொள்வார். அந்த அளவைக் குறைக்காமலும் கூட்டாமலும் அவர் கையில் கொடுப்பதுதான் படித்தவளின் கடமை.

புயல் காலத்தில் இது இன்னும் தெளிவாகும். 2020 நவம்பரில் நிவர் புயல் வந்தபோது, அது காரைக்காலுக்கும் மாமல்லபுரத்திற்கும் இடையே, புதுச்சேரிக்கு அருகில் கரையைக் கடக்கக்கூடும் என்று அறிவிக்கப்பட்டது. காரைக்கால் எங்கே, மாமல்லபுரம் எங்கே! அவ்வளவு நீளமான கரையைக் குறிப்பிட்டது வானிலை அறிஞரின் அறியாமையால் அன்று. தாம் அறிந்ததன் எல்லையை அவர்கள் நேர்மையாகக் காட்டினார்கள். மரக்காணம் அந்த எல்லைக்குள் இருந்தது. நவம்பர் 25 நள்ளிரவை ஒட்டிப் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறியது. 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயலும் புதுச்சேரிக்கு அருகேதான் கரையைக் கடந்தது. கடந்த பிறகும் நகராமல் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நின்று கொட்டித் தீர்த்தது. நம் விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ‘புதுச்சேரிக்கு அருகில்’ என்ற சொல்லைக் கேட்டு, ‘அப்படியானால் நமக்கில்லை’ என்று மரக்காணத்தில் ஒருவர் முடிவு செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ‘அருகில்’ என்பதும் ‘கூடும்’ என்பதும் அலங்காரச் சொற்கள் அல்ல. அவற்றையும் சேர்த்துப் படித்தால்தான் செய்தி முழுமை பெறும்.

இந்தக் குழப்பம் கற்றோர் அவையிலும் உண்டு. 1951ஆம் ஆண்டில் அமெரிக்க உளவுத்துறை, யூகோஸ்லாவியாவின் மீது படையெடுப்பு நிகழ்வதற்குக் ‘கருதத்தக்க வாய்ப்பு’ உண்டு என்னும் பொருள்பட ஓர் அறிக்கை எழுதிற்று. அதை உருவாக்கிய குழுவில் இருந்த ஷெர்மன் கென்ட் என்பவர், நூற்றுக்கு 65 பங்கு வாய்ப்பு என்ற எண்ணத்தில் அதற்கு இசைந்திருந்தார். பின்னர்த் தம் உடன்பணியாளரை விசாரித்தபோது, ஒருவர் 20 என்றும் மற்றொருவர் 80 என்றும் கருதிக்கொண்டே ஒரே சொல்லுக்கு ஒப்புதல் தந்திருந்தது தெரிந்தது! இதை அவர் 1964ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றில் எழுதியிருக்கிறார். பருவநிலை மாற்றத்தை ஆராயும் ஐ.நா. குழுவோ ‘லைக்லி’ என்றால் 66 விழுக்காட்டிற்கு மேல் என்று வரையறுத்துள்ளது. நம் வானிலைத் துறையின் ‘லைக்லி’ 50ஐத் தாண்டாது. அவர்களுடைய ‘லைக்லி’ 66இல்தான் தொடங்குகிறது. ஆகையால், யார் எழுதியது, எந்த அளவில் எழுதியது என்று கேட்டுப் படிக்கும் பழக்கம் நமக்கு வேண்டும்.

நிற்க. ஆங்கிலத் துணைவினைகள் நமக்கு அந்நியமானவை, ஆகவே கடினமானவை என்று ஒரு சாக்கு சொல்லப்படுகிறது. இதை நான் ஏற்பதற்கில்லை. ஐயத்தைச் சொல்வதில் தமிழ் எந்த மொழிக்கும் இளைத்ததன்று. ‘கொல்’ என்ற ஓர் இடைச்சொல் ஐயப்பொருளில் வரும் என்று தொல்காப்பியமே இலக்கணம் வகுத்துள்ளது. மங்கிய ஒளியில் தொலைவில் தெரிவது மரக்கட்டையோ ஆளோ என்று துணிய முடியாதபோது எப்படிச் சொல்வது என்பதை உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டி விளக்கியுள்ளனர். நன்னூல், வினாவின் வகைகளுள் ஐயவினாவையும் ஒன்றாக வைத்தது. இன்றும் நம் பாட்டிமார் ‘வருவாள் போலிருக்கிறது’, ‘வந்தாலும் வருவாள்’, ‘வந்திருப்பாள்’, ‘வருகிறாளோ என்னவோ’ என்று ஐயத்திற்கு எத்தனை படிகள் வைத்துப் பேசுகிறார்கள்! வாய்மொழியில் இவ்வளவு நுட்பமாக ஐயம் பேசும் பெண், தாளில் எழுதும்போது மட்டும் ‘வில்’ ஒன்றோடு நின்றுவிடுவானேன்?

இன்னும் சொல்லப்போனால், இரு மொழிகளும் சில இடங்களில் கைகோத்தே நடக்கின்றன. ‘நீ போகலாம்’ என்றால் அனுமதி. ‘மழை பெய்யலாம்’ என்றால் வாய்ப்பு. மழை யாரிடமும் அனுமதி கேட்பதில்லை! ஆங்கில ‘மே’யும் இவ்வாறே இரு வேலை செய்கிறது. ‘லாம்’ தெரிந்தவளுக்கு ‘மே’ புதிதன்று. அதுபோலவே ‘வேண்டும்’ என்பது கட்டாயத்தையும் காட்டும், ஊகத்தையும் காட்டும்; ‘மஸ்ட்’டும் அப்படியே.

வேறுபடும் இடங்களில்தான் விழிப்பு வேண்டும். அவற்றுள் முதன்மையான சிலவற்றை மட்டும் குறிப்பிடுகிறேன்.

‘அவள் வந்திருக்க வேண்டும்’ என்ற தமிழ் வாக்கியத்திற்கு இரு பொருள் உண்டு. செருப்பு வாசலில் கிடக்கிறது, ஆகையால் வந்திருப்பாள் என்பது ஒன்று. வர வேண்டியவள் வரவில்லையே என்ற குறை மற்றொன்று. ஆங்கிலம் இவ்விரண்டையும் பிரித்து வைக்கிறது. முன்னதற்கு ‘மஸ்ட் ஹாவ் கம்’. பின்னதற்கு ‘ஷுட் ஹாவ் கம்’. மாற்றி எழுதினால் ஊகம் குற்றச்சாட்டாகிவிடும். மேலும், ஊகப் பொருளில் வரும் ‘மஸ்ட்’டுக்கு எதிர்மறை ‘மஸ்ட் நாட்’ அன்று, ‘கான்ட்’ என்பதே. ‘அவள் வந்திருக்க முடியாது, கதவு பூட்டியிருக்கிறதே’ என்பதற்கு ‘ஷி கான்ட் ஹாவ் கம்’ என்றே எழுத வேண்டும்.

‘மே நாட்’ வேறு, ‘கேனாட்’ வேறு. கடலுக்குப் போன படகு இன்றிரவு திரும்பாமலும் இருக்கலாம் என்பது முன்னது. திரும்ப இயலாது என்பது பின்னது. கரையில் காத்து நிற்கும் குடும்பத்திற்கு இவ்விரண்டுக்கும் உள்ள தூரம் எவ்வளவு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நடந்து முடிந்ததைப் பற்றியும் ஐயம் எழும். ‘ஹி மே ஹாவ் டிரவுன்ட்’ என்றால், மூழ்கினாரோ பிழைத்தாரோ நமக்கு இன்னும் தெரியாது. ‘ஹி மைட் ஹாவ் டிரவுன்ட்’ என்பதோ, மூழ்கிப் போயிருப்பார், நல்லவேளையாகத் தப்பினார் என்ற பொருளுக்கும் இடம் தரும். இன்று செய்தித்தாள்களிலேயே இவ்வேறுபாடு மறைந்து வருகிறது. ஆயினும் கரை சேர்ந்துவிட்டவரைப் பற்றி எழுதுகையில் ‘மே ஹாவ்’ என்று எழுதி, அவர் உறவினரைக் கலங்கடிக்க வேண்டாம்.

‘கேன்’ என்பது பொதுவான இயல்பைக் குறிக்கும். நவம்பரில் பெருமழை பெய்வதுண்டு என்று பொதுவாகச் சொல்லக் ‘கேன்’ தகும். நாளைய மழையைக் குறிப்பாகச் சொல்ல அது தகாது. ‘மே’, ‘மைட்’, ‘குட்’ என்பவற்றுள் ஒன்றே வேண்டும். ‘மைட்’டில் தயக்கம் சற்றுக் கூடுதல் என்று இலக்கண நூல்கள் கூறும், வழக்கில் அந்த இடைவெளி சிறிதே. அவ்வாறே, ‘நாளை வருவேன்’ என்று உறுதி கூற ‘ஐ உட் கம் டுமாரோ’ என்று எழுதும் வழக்கம் நம் நாட்டில் மிகுதி. எழுதுபவள் மரியாதை என்று எண்ணுகிறாள். படிப்பவரோ ‘வருவேன், ஆனால்...’ என்று ஏதோ ஒரு நிபந்தனையை எதிர்பார்த்துக் காத்திருக்கிறார். உறுதிக்கு ‘வில்’ போதும்.

இவ்வளவு சொன்னதால், எதை எழுதினாலும் ‘மே’ போட்டுவிட்டால் பிழையில்லை என்று எண்ணிவிடாதீர்கள். அதுவும் ஒருவகைப் பொய்தான். ‘மே பாஸிப்லி பெர்ஹாப்ஸ்’ என்று மூன்று ஐயங்களை அடுக்குபவள் ஒன்றையும் சொல்லாமல் தப்பித்துக்கொள்கிறாள். கடல்நீர் உப்புக் கரிக்கும் என்பதற்கு ‘மே’ எதற்கு? தவறு செய்தவர்கள் ‘சில குறைகள் நேர்ந்திருக்கலாம்’ என்று அறிக்கை விடுவதைக் கண்டிருப்பீர்கள். நேர்ந்தது அவர்களுக்கே தெரியும். தெரிந்தும் ‘மே ஹாவ்’ என்னும் திரையைத் தொங்கவிடுகிறார்கள். தெரியாததைத் தெரிந்தது போல் எழுதுவது அகந்தை. தெரிந்ததைத் தெரியாதது போல் எழுதுவது கோழைத்தனம். இரண்டுமே வேண்டாம்.

மாணவியராகிய உங்களுக்கு மிக அண்மையில் உள்ள ஆபத்து ஒன்றுண்டு. ‘ஷி மஸ்ட் ஹாவ் காப்பீட்’, அதாவது ‘அவள் பார்த்துத்தான் எழுதியிருக்க வேண்டும்’ என்று ஒருத்தி எழுதுகிறாள். அது ஊகம். அதைப் படித்த அடுத்தவள் ‘ஷி காப்பீட்’ என்று எழுதுகிறாள். ‘மஸ்ட் ஹாவ்’ என்ற இரு சிறு சொற்கள் உதிர்ந்தவுடன் ஊகம் தீர்ப்பாகிவிட்டது. ஒரு பெண்ணின் நற்பெயர் போயிற்று. தூற்றியவர் யாரென்று தேடினால் ஒருவரும் அகப்படமாட்டார். கடிதம் எழுதிய காலத்தில் இது பத்துப் பேரோடு நின்றது. கைபேசிக் காலத்தில் ஒரு மணி நேரத்தில் ஊர் முழுதும் போய்விடுகிறது. அண்மைக் காலத்தில் வதந்தியால் விளைந்த கேடுகள் பலவற்றைக் கிளறிப் பார்த்தால், அவற்றின் அடியில் உதிர்ந்துபோன ஒரு ‘மே’யோ ‘மஸ்ட்’டோ கிடப்பதைக் காணலாம்.

‘தேர்வில் திருத்துபவர் உறுதியான நடையைத்தானே விரும்புகிறார்?’ என்று என்னிடம் கேட்ட மாணவியர் உண்டு. உறுதியான நடை என்பது உறுதியான சான்றிலிருந்து வர வேண்டும். நம் ஊர் வரலாற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். சிறுபாணாற்றுப்படையில் நல்லியக்கோடனின் நாட்டுக் கடற்கரை ஊராக எயிற்பட்டினம் கூறப்படுகிறது. அது இன்றைய மரக்காணமாகலாம் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. பழைய கிரேக்கக் கடல்வழிக் குறிப்பான பெரிப்புளூஸ் நூலில் வரும் சோபட்மா என்ற துறைமுகத்தையும் நம் ஊரோடு இணைத்துப் பார்ப்போர் உண்டு. ‘மரக்காணமே எயிற்பட்டினம்’ என்று எழுதினால் நமக்குப் பெருமை பொங்கும். ‘எயிற்பட்டினம் மரக்காணமாக இருக்கலாம், காரணங்கள் இவை’ என்று எழுதினால் படிப்பவருக்கு நம்பிக்கை பிறக்கும். முதல் வாக்கியத்தை மறுக்க ஓர் எதிர்ச்சான்று போதும். இரண்டாவது வாக்கியம் எதிர்ச்சான்று வந்தாலும் தலை குனியாது. ஏனெனில் அது தன் அளவுக்கு மேல் எதையும் சொல்லவில்லை. சோதனைக்கூடக் குறிப்பேடு எழுதும் மாணவி, மருத்துவரிடம் நோயின் குறி சொல்லும் செவிலி, சாட்சி சொல்லும் குடிமகள், செய்தி எழுதும் நிருபர் என நாளை நீங்கள் யாராக ஆனாலும் இந்த நடையே உங்களைக் காக்கும்.

ஆகவே ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கட்டுரையில் ‘மே’ என்றோ ‘மைட்’ என்றோ கண்டவுடன், எழுத்தில் வலு இல்லை என்று சிவப்பு மையால் கோடிட வேண்டாம். ‘எதனால் இந்த ஐயம்?’ என்று ஓரத்தில் ஒரு கேள்வி எழுதினால் போதும். ‘வில்’ என்று கண்டாலும் அதே கேள்வியைக் கேட்கலாம்: ‘எதனால் இந்த உறுதி?’ கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்வதற்குப் பதிலாக, அன்றைய வானிலை அறிக்கையைக் கொடுத்து, அதை வீட்டில் எப்படிச் சொல்வாய் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதச் செய்யலாம். துணைவினைகளின் பயனை அதைவிட நன்றாகக் காட்டும் பாடம் வேறில்லை.

மாணவியரே, எழுதுமுன் உங்களை நீங்களே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். இது எனக்குத் தெரியுமா, அல்லது தோன்றுகிறதா? தெரியுமென்றால் எப்படித் தெரியும்? நான் சொல்வது தவறானால் நட்டம் யாருக்கு? இம்மூன்றுக்கும் விடை கிடைத்தபின் ‘வில்’ வேண்டுமா, ‘மஸ்ட்’ வேண்டுமா, ‘மே’ வேண்டுமா என்பது தானே விளங்கும். ஐப்பசி, கார்த்திகை வந்தால் நம் கடற்கரையில் வானம் எப்போது கறுக்கும், எப்போது வெளுக்கும் என்று எவரும் அறுதியிட இயலாது. அந்த வானத்தைப் பார்த்து, உள்ளது உள்ளபடி, ஐயம் ஐயப்படியே வீட்டாருக்கு எடுத்துச் சொல்லும் பெண் ஒருத்தி ஒவ்வொரு வீட்டிலும் இருப்பாளானால், நாம் கற்ற ஆங்கிலம் பயன்பட்டது என்று மகிழலாம்.